“கிட்னியை முதலில் எடுத்துவிடலாமா, டாக்டர்?”

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 62 வயது. நாற்பது வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறார், பீடிப் பழக்கம் உண்டு. இரண்டு மாதம் முன்பு சிறுநீரில் ரத்தம் போனது. கல்லாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாம் முறை போனபோது நாகர்கோவிலில் சி.டி. ஸ்கேன் எடுத்ததில், இடது சிறுநீரகத்தில் 9 செ.மீ. கட்டி, இரண்டு நுரையீரலிலும் சிறு சிறு முடிச்சுகள், பெரியது 1.6 செ.மீ. ஹீமோகுளோபின் 9.6. கிரியாட்டினின் 1.4. எடை 58 கிலோ. ஒரு மருத்துவர் உடனே சிறுநீரகத்தை எடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் பயாப்ஸி (கட்டியில் ஊசி குத்திச் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பது) செய்துவிட்டு ஊசி மருந்து ஆரம்பிக்கலாம் என்கிறார். ஊசியின் விலையைக் கேட்டு வீடே கலங்கியிருக்கிறது. ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன், வீட்டையொட்டிய ரப்பர் விளையை விற்றுவிடலாம் என்று சொல்ல, அட்வான்ஸ் பேச ஆள் வந்து போயிருக்கிறார். சித்தப்பாவோ, “ஊசி குத்தினால் பரவும், வைத்தியரிடம் போகலாம்” என்கிறார். அப்பாவிடம் இன்னும் ‘கல்’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சகோதரி, ஒரு சின்னக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். ரிப்போர்ட்டின் கடைசியில் ‘ஆர்.சி.சி.’ என்று இருந்ததைப் பார்த்து, திருவனந்தபுரத்துக்குப் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நம் மாவட்டத்தில் ஆர்.சி.சி. என்றால் எல்லோருக்கும் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையம்தான். ஆனால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்த மூன்றெழுத்து நோயின் பெயர்: ரீனல் செல் கார்சினோமா. பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயில் மிகப் பெரும்பகுதி இதுதான். அங்கே போவதும் போகாததும் உங்கள் முடிவு. ரிப்போர்ட் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

‘நாலாம் ஸ்டேஜ்’ என்ற சொல்லுக்கும் பயந்திருக்கிறீர்கள். நோய் சிறுநீரகத்தைத் தாண்டி வேறு உறுப்புக்கும் பரவிவிட்டது என்பதே இங்கே அதன் பொருள். பெரும்பாலானவர்களுக்கு முழுதாகக் குணமாக்க முடியாது என்பது உண்மை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் 2005-க்கு முன் இந்த நோய்க்குக் கொடுக்க உருப்படியான மருந்து மிகக் குறைவு. இன்று வருடக்கணக்கில் நோயை அடக்கி வைப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் அப்பா சேர வாய்ப்பு எவ்வளவு என்பது, நீங்கள் இன்னும் எடுக்காத இரண்டு பரிசோதனைகளை, அதாவது பயாப்ஸியையும் ரத்தத்தில் கால்சியத்தையும், பொறுத்தது. விளை விற்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

சிறுநீரகத்தை முதலில் எடுப்பது பற்றி

‘கட்டி இருக்கிற உறுப்பை எடுத்தால் பாதி நோய் போச்சு’ என்று தோன்றுவது இயல்பு. நீண்ட காலம் மருத்துவர்களும் அப்படித்தான் செய்தார்கள். 2018-இல் வெளியான கார்மெனா என்ற ஆய்வு அதை மாற்றியது. பரவிய நோய் உள்ள 450 பேரில் ஒரு பாதிக்கு அறுவை செய்துவிட்டு சுனிடினிப் மாத்திரை கொடுத்தார்கள். மறு பாதிக்கு அறுவையே இல்லாமல் மாத்திரை மட்டும். மாத்திரை மட்டும் எடுத்தவர்கள் குறைவாக வாழவில்லை. இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) அவர்களுக்கு 18.4 மாதம், அறுவை செய்தவர்களுக்கு 13.9 மாதம். காரணம் புரிந்துகொள்ள எளிது: 9 செ.மீ. கட்டியை எடுத்தபின் உடம்பு தேறச் சில வாரங்கள் ஆகும். அந்த நாட்களில் நுரையீரலில் இருப்பதற்கு மருந்து இல்லை, அது வளர்ந்துகொண்டே இருக்கும். சிலர் மருந்து தொடங்கும் நிலைக்கே திரும்புவதில்லை.

அதற்காக, அறுவை சொன்ன மருத்துவர் தவறு என்று நான் சொல்லவில்லை. நோயின் பெரும்பகுதி சிறுநீரகத்திலேயே இருந்து, வெளியே ஒன்றிரண்டு சிறு முடிச்சு மட்டும் இருந்து, ரத்தப் பரிசோதனைகளும் நன்றாக உள்ளவருக்கு முதலில் அறுவை இன்றும் நல்ல யோசனை. நிற்காத ரத்தப்போக்கு, தாங்க முடியாத விலா வலி என்றாலும் எடுக்கலாம். ரத்தப்போக்குக்கு மட்டும் என்றால், தொடை வழியாகக் குழாய் விட்டு அந்த ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சையே பல நேரம் போதும். அப்பாவுக்கு இரண்டு நுரையீரலிலும் பல முடிச்சுகள், கூடவே ரத்தசோகை. எனவே மருந்து முதலில், அது நன்றாகக் கேட்டால் சில மாதம் கழித்து அறுவையை மறுபடி யோசிப்பது என்ற வரிசைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பயாப்ஸி இல்லாமல் மருந்து இல்லை

ஊசி குத்தினால் பரவும் என்ற பயம் சித்தப்பாவுக்கு மட்டும் இல்லை, படித்தவர்களிடமும் உண்டு. ஊசி போன வழியில் கட்டி முளைத்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் இருக்கின்றன, ஆனால் அவை மிக மிக அரிது. நோய் ஏற்கெனவே நுரையீரலுக்குப் போயிருக்கும்போது அந்தச் சிறு ஆபத்து எந்தக் கணக்கையும் மாற்றாது. மாறாக, பயாப்ஸி இல்லாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. சுமார் நான்கில் மூன்று பேருக்கு இது ‘கிளியர் செல்’ வகை. கீழே நான் சொல்லும் மருந்துகளெல்லாம் முதன்மையாக அதற்குத்தான். பாப்பிலரி போன்ற மற்ற வகைகளுக்குப் பாதை வேறு. ‘சார்கோமட்டாய்டு’ என்ற சொல் ரிப்போர்ட்டில் இருந்தால், நோய் வேகமானது, ஆனால் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ஊசிக்கு மற்றவர்களைவிட நன்றாகக் கேட்கக்கூடியது என்று பொருள். அந்த ஒரு சொல் முடிவையே திருப்பிவிடும்.

அப்பா ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுத்தால் பயாப்ஸிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்தபின் பாரஃபின் பிளாக்கையும் (எடுத்த துண்டை மெழுகில் பதித்தது) ஸ்லைடையும் கேட்டு வாங்கி வையுங்கள். திருவனந்தபுரமோ சென்னையோ போனால், ஸ்கேன் சி.டி. தட்டோடு அவற்றையும் கேட்பார்கள். இல்லாவிட்டால் இன்னொரு முறை குத்த வேண்டி வரும்.

நீங்கள் பார்க்காத கால்சியம்

நீங்கள் அனுப்பிய ரத்த ரிப்போர்ட்டில் கால்சியமும் ஆல்புமினும் இல்லை. சின்னச் செலவில் முடியும் இந்தப் பரிசோதனைதான் இப்போது அவசரம்.

பரவிய சிறுநீரகப் புற்றுநோயில் ஐ.எம்.டி.சி. என்ற ஆறு கேள்விக் கணக்கு வைத்து நோயாளிகளைப் பிரிக்கிறோம். நோய் தெரிந்து ஒரு வருடத்துக்குள் மருந்து தொடங்க வேண்டியிருக்கிறதா? அன்றாட வேலைகளைச் சிரமப்பட்டுத்தான் செய்கிறாரா? ஹீமோகுளோபின் குறைவா? கால்சியம் அதிகமா? நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு அதிகமா? ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அதிகமா? ஒவ்வொரு ‘ஆம்’ என்ற பதிலுக்கும் ஒரு புள்ளி. பூஜ்யம் என்றால் நல்ல பிரிவு, ஒன்று அல்லது இரண்டு நடுப்பிரிவு, மூன்றும் அதற்கு மேலும் கடினப் பிரிவு.

அப்பாவுக்கு முதல் கேள்வியில் ஒன்று, ஹீமோகுளோபின் 9.6-க்கு ஒன்று. பிளேட்லெட் 3.8 லட்சம், நியூட்ரோஃபிலும் அளவுக்குள்; காலையில் தானே டீக்கடைக்கு நடந்து போய் வருகிறார். ஆக 2, நடுப்பிரிவு. கால்சியம் கூடியிருந்தால் 3 ஆகிவிடும்.

இங்கே ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. லேப் தாளில் கால்சியம் 9.8 என்று இருந்தால் ‘நார்மல்’ என்று விட்டுவிடுவார்கள். ஆல்புமின் குறைந்தவருக்கு அந்த எண் ஏமாற்றும். 4-இலிருந்து ஆல்புமினைக் கழித்து, 0.8-ஆல் பெருக்கி, அளந்த கால்சியத்தோடு கூட்ட வேண்டும். ஆல்புமின் 2.9 என்றால் 1.1 × 0.8 = 0.88. 9.8-உடன் சேர்த்தால் 10.68, அதாவது அதிகம். கால்சியம் அதிகம் என்றால் பிரிவு மாறுவதோடு, அதற்கே தனியாகச் சிகிச்சை தேவைப்படலாம். விடாத தாகம், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம், பேச்சில் குழறல் இருந்தால் எண்ணுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அப்படியே டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை), கல்லீரல் பரிசோதனை, சிறுநீரில் புரதம், ஹெபடைடிஸ் பி, இ.சி.ஜி., எக்கோ இவற்றையும் ஒரே முறையில் முடித்துவிடுங்கள். இடுப்பு வலி என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைச் சாதாரணமாக விடாதீர்கள், எலும்பு ஸ்கேன் வேண்டும். வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியை இன்றோடு நிறுத்துங்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் போதவில்லை என்றால் மருத்துவரிடம் மார்ஃபின் கேட்பதில் தவறில்லை. அது ‘கடைசி மருந்து’ இல்லை. இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவதோ, நடை தடுமாறுவதோ, சிறுநீர் வராமல் போவதோ இருந்தால் அன்றிரவே எமர்ஜென்சி. அதை மறுநாள் ஓ.பி.க்குத் தள்ளினால் கால் திரும்பாமல் போகலாம்.

மருந்துகள்

கிளியர் செல் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கீமோ கொடுப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கமான கீமோ மருந்துகள் இந்த நோயில் பெரும்பாலும் வேலை செய்வதில்லை, முடி கொட்டும் அந்தச் சிகிச்சை அப்பாவுக்கு வராது. இருப்பது இரண்டு ரகம். ஒன்று, கட்டிக்கு ரத்தக்குழாய் வளராமல் தடுக்கும் மாத்திரைகள்: சுனிடினிப், பசோபனிப், ஆக்சிடினிப், கபோசான்டினிப், லென்வாடினிப். மற்றது, உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பும் ஊசிகள்: நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், இப்பிலிமுமாப்.

இரண்டு ஊசி சேர்த்துக் கொடுப்பது ஒரு வழி. இப்பிலிமுமாப் கிலோவுக்கு 1 மி.கி., நிவோலுமாப் கிலோவுக்கு 3 மி.கி., மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கு தடவை. பிறகு நிவோலுமாப் மட்டும். நடு, கடினப் பிரிவினரில் 18 மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 100-க்கு 75 பேர்; சுனிடினிப் எடுத்தவர்களில் 60 பேர். ஐந்து வருடம் கழித்து 100-க்கு 43 பேர்; சுனிடினிப் எடுத்தவர்களில் 31 பேர். கேட்பவர்களுக்குப் பலன் நெடுநாள் நிற்கும், அதுதான் இதன் பெருமை. ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஆரம்பத்திலேயே நோய் மீறி வளர்கிறது. இப்பிலிமுமாப் எல்லா இடத்திலும் எளிதாகக் கிடைப்பதில்லை, அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி ஒரு ஊசியும் ஒரு மாத்திரையும். பெம்ப்ரோலிசுமாப் 200 மி.கி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தினமும் காலை மாலை ஆக்சிடினிப் 5 மி.கி. அல்லது பெம்ப்ரோலிசுமாபுடன் லென்வாடினிப் 20 மி.கி.; அல்லது நிவோலுமாபுடன் கபோசான்டினிப் 40 மி.கி. கட்டி சுருங்கும் வாய்ப்பு இவற்றில் அதிகம். லென்வாடினிப் ஜோடியில் 100-க்கு 71 பேருக்குச் சுருங்கியது, சுனிடினிபில் 36. மூச்சுத் திணறலோ பெரிய கட்டியின் தொந்தரவோ இருந்து, சீக்கிரம் சுருங்கியாக வேண்டும் என்றால் நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன்.

மூன்றாவது, மாத்திரை மட்டும். சுனிடினிபும் பசோபனிபும் பலனில் ஏறத்தாழ சமம் என்று 2013-இலேயே நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். இந்தியக் கம்பெனி மாத்திரைகளே கிடைப்பதால் ஊசிகளோடு பார்க்கும்போது செலவு வெகு குறைவு. நடுப்பிரிவில் ஜோடி மருந்தே மேல், அதை மழுப்ப மாட்டேன். ஆனால் மாத்திரை மட்டும் எடுப்பது ‘ஒன்றும் செய்யாமல் விடுவது’ இல்லை. ஊசிகள் வருவதற்கு முன் பத்து வருடத்துக்கு மேல் உலகம் முழுதும் இதுதான் முதல் சிகிச்சை. மாத்திரை கைவிட்டபின் இரண்டாம் கட்டமாக நிவோலுமாப் கொடுக்கவும் வழி இருக்கிறது.

குறைந்த அளவு நிவோலுமாப் போதுமாமே என்று அண்ணன் கேட்டிருக்கிறார். 20 மி.கி. நிவோலுமாப் வைத்து மும்பை டாட்டா மெமோரியலில் செய்த நல்ல ஆய்வு ஒன்று உண்டு. அது தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு, கூடவே வேறு மூன்று மாத்திரைகளுடன். அதை அப்படியே சிறுநீரகத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

பணம்

விளையை விற்பது பற்றி நேராகவே சொல்கிறேன். பெம்ப்ரோலிசுமாப் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 17 தடவை, இரண்டு வருடம் வரை போகலாம். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரைதான். இந்த ஊசிகளின் முழுச் செலவை அது சுமக்காது. எனவே ஆஸ்பத்திரியில் ‘ஒரு ஊசி எவ்வளவு’ என்று கேட்காதீர்கள். ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு, மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டத்தில் எத்தனை டோஸ் இலவசம், காப்பீட்டில் எது வரும், எது வராது என்று எழுதி வாங்குங்கள். உதவித் திட்டத்துக்கு முதல் டோஸுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கலாம்.

நான் அதிகம் வருந்துவது இப்படி நடக்கும்போதுதான்: நிலத்தை விற்று மூன்று ஊசி போடுவார்கள், பணம் தீரும், நாலாவது ஊசிக்கு வரமாட்டார்கள். நிலமும் போய், பலனும் பாதியில் நிற்கும். ஒரு வருடம் தாங்க முடியும் என்றால் ஜோடி மருந்தைத் தேர்ந்தெடுங்கள். முடியாது என்றால் முதல் நாளிலிருந்தே மாத்திரையை ஒழுங்காக எடுப்பது நல்லது. பயாப்ஸியும் கால்சியமும் வர ஆகும் இரண்டு வாரத்தில் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. இரண்டு மாதம் இழுத்தால் கெடும். அந்த இரண்டு வாரம் விளைக்கு அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது

பசோபனிப் என்றால் தினம் ஒருமுறை 800 மி.கி., சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் அல்லது இரண்டு மணி நேரம் பின். பால்வெட்டுக்கு அப்பா எழும்பும் நாலு மணிதான் அதற்குப் பொருத்தமான நேரம்; கட்டன்சாயா ஒரு மணி நேரம் கழித்து. மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. வயிற்றெரிச்சலுக்குப் போடும் பான்டோபிரசோல் இந்த மருந்து உடம்பில் ஏறுவதைக் குறைக்கும், அதனால் மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள். கல்லீரல் பரிசோதனை 3, 5, 7, 9-ஆம் வாரங்களில் கண்டிப்பாக வேண்டும். ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று தள்ளிப்போடுவதால்தான் பிரச்சினை முற்றிய பிறகு தெரிகிறது. எந்த மாத்திரையானாலும் ரத்த அழுத்தம் கூடும். வீட்டில் ஒரு பி.பி. கருவி வாங்கி, முதல் இரண்டு மாதம் தினமும் பார்த்து எழுதுங்கள். 150/90-ஐத் தாண்டினால் போன் செய்யுங்கள்.

ஊசி என்றால் ஆபத்து வேறு மாதிரி. எழும்பிய எதிர்ப்பாற்றல் குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு என்று சொந்த உறுப்பையே தாக்கலாம். மாதங்கள் கழித்தும் வரலாம், ஊசி நிறுத்தியபின்னும் வரலாம். வழக்கத்தைவிட நாலு தடவை அதிகமாக வயிற்றுப்போக்கு, புதிதாக இருமல், மூச்சு வாங்குதல், காரணமில்லாத கடும் சோர்வு வந்தால் வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரை வாங்கிக் கொடுத்து உட்காராதீர்கள். இதற்கு ஸ்டீராய்டு வேண்டும், சீக்கிரம் வேண்டும். ஆக்சிடினிபும் சேர்த்து எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், மருத்துவர் முதலில் அந்த மாத்திரையை நிறுத்திப் பார்ப்பார். அது உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும், ஓரிரு நாளில் நின்றால் காரணம் மாத்திரை, நிற்காவிட்டால் ஊசி. திருவனந்தபுரத்தில் ஊசி போட்டாலும், நள்ளிரவில் நீங்கள் ஓடப்போவது ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான். ஆகவே ‘இவர் இன்ன எதிர்ப்பாற்றல் மருந்து எடுக்கிறார்’ என்று மருத்துவர் எழுதிய சீட்டு அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

வைத்தியர் விஷயத்தில் சித்தப்பாவோடு சண்டை வேண்டாம். நம் மாவட்டத்துக்கு வர்மமும் சித்த மருத்துவமும் பரம்பரைச் சொத்து, அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் பசோபனிபோடு கஷாயமும் செந்தூரமும் சேர்ந்து போய் கல்லீரல் எண் ஏறினால், எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு, வேலை செய்துகொண்டிருந்த மருந்தையும் நிறுத்த வேண்டி வரும். உள்ளே எடுக்கும் மருந்து வேண்டாம் என்பதை மட்டும் பிடிவாதமாகச் சொல்லுங்கள்.

அப்பா பிறந்தது மணவாளக்குறிச்சி என்பதால், இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ள அந்தக் கடற்கரை மணல்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே மாதிரி மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல்லாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோய் கூடுதலாகக் காணப்படவில்லை. சிறுநீரகப் புற்றுநோய்க்கு உறுதியாகத் தெரிந்த காரணங்கள் புகை, உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம். பீடியை இப்போது விட்டாலும் பலன் உண்டு.

கடைசியாக, அப்பாவிடம் சொல்வது. அறுவையானாலும் ஊசியானாலும் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர், அது அவருடைய உரிமை. அதைவிட நடைமுறையான காரணமும் இருக்கிறது: கல்லுக்கு மருந்து என்று நினைப்பவர் உள்ளங்கை எரிச்சலையும் வயிற்றுப்போக்கையும் யாரிடமும் சொல்ல மாட்டார். ‘கட்டி இருக்கிறது, நெஞ்சிலும் கொஞ்சம் இருக்கிறது, மருந்து இருக்கிறது’ என்ற மூன்று வாக்கியம் முதல் நாளுக்குப் போதும். மீதியை அவர் கேட்கும்போது சொல்லுங்கள். அநேகமாக அவர் முதலில் கேட்கப்போவது பால்வெட்டுக்குப் போகலாமா என்பதாக இருக்கும். எலும்பு ஸ்கேனில் ஒன்றும் இல்லை, சோர்வும் குறைவு என்றால் போகலாம். மாத்திரை தொடங்கிய முதல் ஆறு வாரம் உள்ளங்கைத் தோல் தடித்து உரியக்கூடும், கத்திப் பிடி உராய்ந்தால் இன்னும் மோசமாகும். பருத்திக் கையுறை போட்டு, இரவில் 10 சதவீத யூரியா கிரீம் தடவி, வழக்கமாக வெட்டும் மரங்களில் பாதியோடு தொடங்கச் சொல்லுங்கள்.